தண்ணி எவ்ளோ இருக்கு? – நைல் முழக்கோல் முதல் மேட்டூர் 120 அடி வரை

பேப்பர்ல தங்கம் விலைக்கும் ராசிபலனுக்கும் நடுவுல சின்னதா ஒரு பொட்டிச் செய்தி வரும், பார்த்திருப்பீங்க. மேட்டூர் அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை, இருப்பு இத்தனை டி.எம்.சி. சென்னைவாசின்னா மேட்டூருக்குப் பதிலா பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். முக்கால்வாசிப் பேர் இதைத் தாண்டி சினிமா பக்கத்துக்குப் போயிடுவோம். தப்பில்லை, நானும் அந்த ஜாதிதான்.

ஆனா இந்த நாலு நம்பரை யாருக்குச் சொல்லலாம், எப்போ சொல்லலாம், சொல்லாமலே விட்டா என்ன என்பதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷத்து வரலாறு இருக்கு. ஒரு கலீஃபா இதை அரசாங்க ரகசியமாவே ஆக்கியிருக்கார். நம்ம ஊர்ல ரெண்டு அரசாங்கம் ஆத்துல நட்டு வெச்ச ஒரு அளவுகோலை நம்பி ஒப்பந்தம் போட்டிருக்கு. பொட்டி தட்டுற ஆளுங்கறதால எனக்கு எந்த விஷயத்தையும் டேட்டாவா பார்க்கிற வியாதி உண்டு. அந்த வியாதிதான் என்னை கெய்ரோவுக்கு இழுத்துட்டுப் போச்சு (டிக்கெட் போட்டு இல்லீங்க, புத்தகம் வழியா :-)).

கெய்ரோவுல நைல் நதிக்கு நடுவே ரோடான்னு ஒரு தீவு. அதோட தெற்கு முனையில் கி.பி. 861-ல் அப்பாஸியக் கலீஃபா அல் முத்தவக்கில் காலத்தில் ஒரு கிணறு கட்டினாங்க. குடிக்கிற கிணறு இல்லை. நதியிலிருந்து சுரங்கக் கால்வாய் வழியா தண்ணி உள்ளே வரும். நதி ஏறினா கிணறும் ஏறும், நதி இறங்கினா கிணறும் இறங்கும். நடுவுல எட்டுப் பட்டை வெச்ச ஒரு பளிங்குத் தூண், அதில் முழக் கணக்கில் கோடுகள். ஒரு முழம் கிட்டத்தட்ட 54 செ.மீ. இன்னிக்கும் அந்தக் கிணறு அங்கே இருக்கு, படி வழியா உள்ளே இறங்கிப் பார்க்கலாம். ஆத்தோட அலையும் வேகமும் படாம, மட்டத்தை மட்டும் தனியாப் பிரிச்சு அளக்கிற ஏற்பாடு. இப்போ நாம கட்டுற நீரளவு நிலையங்கள்லயும் இதே ஐடியாதான், கரையோரம் ஒரு கிணறு, அதை ஆத்தோட இணைக்க ஒரு குழாய்.

இதுக்கு முன்னாடியும் எகிப்தில் நைலை அளந்துட்டுத்தான் இருந்தாங்க, பாரோக்கள் காலத்திலிருந்தே. ரோமானியரான பிளினி, எத்தனை முழம் ஏறினா பஞ்சம், எத்தனை முழம் ஏறினா கொண்டாட்டம்னு ஒரு பட்டியலே எழுதி வெச்சிருக்கார். 12 முழம்னா பட்டினி. 16 முழம்னா ஊரே சந்தோஷம். நைல் வருஷத்துக்கு ஒரு தடவை கோடையில் வெள்ளமா ஏறி வயலை நனைச்சுட்டு இறங்கும். அந்த ஒரு ஏற்றத்தில்தான் மொத்த வருஷச் சாப்பாடும். நமக்கு மேட்டூர் மாதிரி சேர்த்து வெச்சுக்கிற வசதி அவங்களுக்கு அப்போ கிடையாது. அதனால ஜூலை, ஆகஸ்ட் மாசத்துல அந்தத் தூண்ல தண்ணி எத்தனை விரல் ஏறிச்சுங்கறதுதான் அந்த நாட்டோட பட்ஜெட், பங்குச் சந்தை, ஜோசியம் எல்லாமே.

இதுல 16-ங்கிற எண்ணுக்கு இன்னொரு முக்கியத்துவம் இருக்கு. 16 முழத்தைத் தொட்டாத்தான் கால்வாயோட மண்ணணையை வெட்டித் தண்ணி விடுவாங்க, திருவிழா எடுப்பாங்க. நிலவரி முழுசா வசூலிக்கலாம் என்பதற்கும் அதுதான் அடையாளம். யோசிச்சுப் பாருங்க. அளக்கிறது அரசாங்கம், அந்த அளவை வெச்சு வரி வாங்கறதும் அதே அரசாங்கம். நம்ம ஆபீஸ்ல மேனேஜரே டெஸ்ட் எழுதி மேனேஜரே பாஸ் போடற கதைதான். அளக்கிற வேலை இப்ன் அபி அல் ரத்தாத் என்பவர் குடும்பத்துக்குப் போச்சு. அவருக்கு அப்புறம் அவர் வாரிசுகள்னு பல நூற்றாண்டு அந்தக் குடும்பமே பார்த்துக்கிட்டது.

இப்போ மெயின் மேட்டர். கி.பி. 973-ல் ஃபாத்திமிய கலீஃபா அல் முயிஸ் புதுசா கட்டின கெய்ரோவுக்குக் குடிவந்தார். வந்த கையோட ஒரு உத்தரவு. நைல் 16 முழத்தைத் தொடற வரைக்கும் தினசரி ஏற்றத்தை ஊருக்குள்ள கூவிச் சொல்லக் கூடாது. எனக்கும் என் தளபதி ஜவ்ஹருக்கும் மட்டும் எழுதி அனுப்பு, 16 ஆனப்புறம் தண்டோரா போட்டுக்கோ. பின்னாளில் வந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸி இதைப் பதிவு செய்திருக்கார்.

முதல்ல படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்துச்சு. ஆனா மக்ரீஸி சொல்ற காரணத்தைப் படிச்சா அந்தாளு முட்டாள் இல்லைன்னு புரியும். தண்ணி ஏறுவது ரெண்டு நாள் தாமதமானா போதும், வியாபாரி தானியத்தைப் பதுக்குவான். கையில் காசிருக்கிறவன் வீட்டுக்கு வேண்டியதைவிட நாலு பங்கு வாங்கி அடுக்குவான். விலை ஏறும். கடைசியில் தண்ணி நல்லா வந்தாலும், நடுவுல ஏழை ஜனம் பட்டினி கிடந்திருக்கும். நம்பர் வெளியே போனதாலேயே பஞ்சம் வந்துடும். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிச்ச அன்னிக்கு ராத்திரி மளிகைக்கடை வாசல்ல நின்னவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருக்கு. தகவல் நின்னுட்டா பயம் நின்னுடுமா? நேத்து வரைக்கும் தினமும் தெருவுல வந்து கூவினவன் இன்னிக்கு வரலைன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? "இன்னும் 16 ஆகலை"ங்கற ஒரு தகவலாவது அந்த மௌனத்துல இருக்கு. மிச்சத்தை வதந்தி நிரப்பும். அதோட, ரகசியம்னு சொன்னா அது எல்லாருக்கும் ரகசியமா இருக்காது. அரண்மனைக்குப் பக்கத்துல இருக்கிற தானிய வியாபாரிக்கு எப்படியும் தெரிஞ்சிருக்கும். தெரியாம இருக்கப்போறது தூரத்து ஊர் விவசாயிக்குத்தான். இது என் ஊகம்தான், மக்ரீஸி சொன்னதில்லை. ஆனா இப்போ பார்க்கிற உலகமும் அப்படித்தானே இருக்கு?

தண்ணி நிஜமாவே வராத வருஷங்களும் உண்டு. கி.பி. 1200-ல் நைல் 13 முழத்தைக்கூடத் தொடலை. அப்போ கெய்ரோவில் இருந்த பாக்தாத் மருத்துவர் அப்துல் லதீஃப் அந்தப் பஞ்சத்தைப் பத்தி எழுதினதை ராத்திரி நேரத்துல படிக்காதீங்க. மனுஷனை மனுஷன் தின்ன கதையெல்லாம் வருது. அப்படிப்பட்ட வருஷத்துல நம்பரை மறைச்சா என்ன, சொன்னா என்ன. மறைக்கிறதால பலன் இருக்கலாம்னு வாதாட முடிகிறது, தண்ணி கொஞ்சம் லேட்டா வந்து சேர்ந்துடற வருஷத்துக்கு மட்டும்தான். வராத வருஷத்துல, தெரிஞ்சிருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே ஊரை விட்டுக் கிளம்பியிருப்பான்.

கூவுகிற வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இருந்திருக்கு. 1830-கள்ல கெய்ரோவுல வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர், "நைல் முனாதி" என்கிற ஆட்களைப் பத்தி விவரமா எழுதியிருக்கார். ஜூலை தொடக்கத்திலிருந்து தினம் காலையில் ஒரு ஆள், கூட எதிர்ப்பாட்டு சொல்ல ஒரு பையன், தெருத் தெருவா வந்து இன்னிக்கு இத்தனை விரல் ஏறிச்சுன்னு சொல்லி, அந்த வீட்டுக்காரரை வாழ்த்திட்டுப் போவாங்க. நம்ம ஊர் குடுகுடுப்பைக்காரரும் வானிலை அறிக்கை ரமணன் சாரும் ஒண்ணா வந்த மாதிரி. ஆனா அந்த ஆள் சொல்ற கணக்கை நம்பவே முடியாதுன்னும் லேன் எழுதறார். அளவுகோலுக்குப் பொறுப்பான ஷேக் சரியான தகவலை அவங்களுக்குத் தர்றதே இல்லையாம்.

ஆக, தகவல் தெருவுக்கு வந்துடுச்சு, ஆனா தகவல் தப்பு. இதுக்கு அல் முயிஸே தேவலை, அவர் பொய் சொல்லலை, வாயை மூடினார் அவ்வளவுதான்.

இந்தக் கிணத்தோட கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். கி.பி. 622-லிருந்து வருஷாவருஷம் நைலோட குறைந்தபட்ச, அதிகபட்ச மட்டம் எழுதி வெச்ச குறிப்புகள் கிடைக்குது (ரோடா கிணத்துக்கும் முன்னால அங்கே வேற அளவுகோல் இருந்தது). நடுவுல ஓட்டைகள் உண்டு, ஆனா 1284 வரைக்கும் ஓரளவு தொடர்ச்சி. 663 வருஷ டேட்டா! 1906-ல் எகிப்துக்கு வேலைக்கு வந்த ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் வாழ்நாள் முழுக்க நைலையே கட்டிக்கிட்டு அழுதவர். நூறு வருஷத்து ஏற்ற இறக்கத்தைத் தாங்கற மாதிரி அணை கட்டணும்னா எவ்வளவு பெருசாக் கட்டணும்? இதுதான் அவரோட கேள்வி. இந்தப் பழைய கணக்கை எல்லாம் போட்டுப் பார்த்து, 1951-ல் அவர் வெளியிட்ட முடிவு புள்ளியியல்காரங்களை உலுக்கிடுச்சு. காசு சுண்டற மாதிரி ஒவ்வொரு வருஷமும் தனித்தனியா நடக்கலை. நல்ல வருஷம் நல்ல வருஷத்தோட கூட்டு சேருது, வறட்சி வறட்சியோட கூட்டு சேருது. சீரற்ற வரிசைக்கு 0.5 வரவேண்டிய எண், அவருக்கு 0.7-க்கு மேல வந்தது. பின்னாடி ஃபிராக்டல் புகழ் மாண்டல்பிராட் இதை எடுத்துக்கிட்டு, பைபிளில் ஏழு செழிப்பு, ஏழு பஞ்சம்னு கனவுக்குப் பலன் சொன்ன ஜோசப் பேரையே இதுக்கு வெச்சார்.

புள்ளியியலுக்கு "ஆர்" மொழி பழகினவங்களுக்கு ஒரு உபரித் தகவல். அதை நிறுவினதும் கூடவே வர்ற மாதிரி டேட்டாக்கள்ல "நைல்"னு ஒண்ணு இருக்கும். 1871 முதல் 1970 வரை அஸ்வான்ல ஓடின தண்ணியோட வருஷக் கணக்கு, நூறே நூறு எண். நானும் எத்தனையோ தடவை அதுக்கு கிராஃப் போட்டிருக்கேன், இந்தக் கதையெல்லாம் தெரியாம.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

நம்ம ஆளுங்க தூண் நட்டு முழம் போடலைன்னாலும், ஊருக்கு ஊர் ஒரு அளவுகோல் வெச்சிருந்தாங்க. திருநெல்வேலியில் தாமிரபரணி எவ்ளோ போகுதுன்னு கேட்டா கன அடி யாரும் சொல்ல மாட்டாங்க. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிடுச்சா இல்லையா, அதான் கணக்கு. மேட்டூர்லயும் இப்படி ஒண்ணு உண்டு. அணை கட்டினப்போ முங்கிப்போன ஊர்களோட கோயிலும் சர்ச்சும் இன்னும் நீர்த்தேக்கத்துக்குள்ளயே நிக்குது. மட்டம் ஏறக்குறைய 80 அடிக்குக் கீழே போனா பண்ணவாடி பக்கம் சர்ச் கோபுரம் தலையை நீட்டும். இன்னும் பத்தடி இறங்கினா நந்தி தெரியும். நந்தி தெரியுதுன்னா டெல்டாவுக்கு வயித்துல புளி கரைக்க ஆரம்பிக்கும். எந்த அதிகாரியும் நந்தியை மறைக்க முடியாது பாருங்க, அதனால இதைவிட நேர்மையான அறிக்கை கிடையாது.

எங்க தாத்தாவுக்கு மன்னார்குடி பக்கம் கொஞ்சம் நிலம். நான் ஸ்கூல் லீவுக்குப் போறப்பல்லாம் சாயங்காலம் வானொலியில் மாநிலச் செய்தி ஓடும். அரசியல் வர்றப்போ வெத்தலை மடிப்பார், அணை நிலவரம் வர்றப்போ கை நிக்கும். "தொண்ணூறைத் தாண்டட்டும்டா தம்பி" என்பார். குறுவைக்காக ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கிறது வழக்கம், அதுக்கு அணையில் 90 அடியாவது இருக்கணும்ங்கறது டெல்டாவில் குழந்தைக்கும் தெரிஞ்ச கணக்கு. 2012-லிருந்து 2019 வரைக்கும் எட்டு வருஷமும் ஜூன் 12 தவறிப்போச்சு. 2012-ல் செப்டம்பர் 17-ந் தேதிதான் திறந்தாங்க. அந்த வருஷம் தாத்தா தினசரி மட்டத்தை காலண்டர் தாள்ல குறிச்சுக்கிட்டே வந்து, இது தை வரைக்கும் தாங்காதுன்னு பாதி நிலத்தைத் தரிசாப் போட்டுட்டார். பங்காளிங்க சிரிச்சாங்க. மார்கழியில் சம்பா கருகினப்போ யாரும் சிரிக்கலை. தாத்தாவோட மீதிப் பாதியும் கருகத்தான் செஞ்சது. ஆனா பாதிக் கடன் மிச்சம். படிப்பு மூணாங்கிளாஸ். அவர் கையிலிருந்த ஒரே கருவி, இலவசமா வந்த ஒரு நம்பர்.

அந்த நம்பரைப் பத்தி ஒரு சின்ன விளக்கம். அடியைப் பார்த்து ஏமாறாதீங்க. அணை பாத்ரூம் பக்கெட் இல்லை, கீழே குறுகி மேலே விரியற கிண்ணம். மேட்டூரில் 120 அடின்னா 93.47 டி.எம்.சி. பாதி உயரமான 60 அடியில் பாதித் தண்ணி இருக்காது, சுமார் 25 டி.எம்.சி.தான், கால்வாசிச் சொச்சம். நூறு அடியில்தான் 65 பக்கத்துல வரும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, லிட்டர்ல 2,831 கோடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டி.எம்.சி. இதை மனசுல வெச்சுக்கிட்டா காவிரிச் செய்தி படிக்கிறதே வேற மாதிரி ஆயிடும். "ரெண்டாயிரம் கன அடி திறந்தாங்க"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான், கணக்குப் போட்டா ஒரு டி.எம்.சி. சேரவே ஆறு நாள் ஆகும்.

காவிரிச் சண்டையையே அளவுகோல் சண்டையாகப் படிக்கலாம். 1924 பிப்ரவரியில் மெட்ராஸும் மைசூரும் போட்ட ஒப்பந்தம் எல்லாருக்கும் தெரியும். அதோட இணைஞ்ச விதிமுறைகளை எடுத்துப் பார்த்தா, கண்ணம்பாடி அணையில் மைசூர் எப்போ தண்ணி தேக்கலாம் என்பதை முடிவு செய்யறது முக்கொம்பில் இருக்கிற மேலணையோட அளவுகோல். அங்கே மாசாமாசம் இத்தனை அடி காட்டணும், அதுக்கு மேல வந்தாத்தான் அங்கே தேக்கலாம். மைசூர் பக்கத்து மதகைத் திறக்கிறதா மூடுறதான்னு திருச்சிப் பக்கத்துக் கோல் சொல்லும்! 1934-ல் நடுவுல மேட்டூர் அணை வந்ததும் இந்தக் கோல் இயற்கையா வர்ற தண்ணியைக் காட்டாது, மேட்டூர்ல திறக்கிற தண்ணியைத்தான் காட்டும். அப்புறம் கணக்கு வேற மாதிரிதான் போடணும். சூத்திரத்துக்கு ஒரு சண்டை.

பிறகு 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. 1991 இடைக்காலத் தீர்ப்பு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வந்து சேரணும்னு சொன்னது. 2007 இறுதித் தீர்ப்பு 192 டி.எம்.சி., அளக்கிற இடம் எல்லையோரம் பிலிகுண்டுலு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கினது. எல்லாரும் அந்த மூணு எண்ணைப் பத்தியே பேசறோம், இடம் மாறினதைப் பத்திப் பேசறதில்லை. பிலிகுண்டுலுவில் அளக்கிறது தமிழ்நாடும் இல்லை, கர்நாடகாவும் இல்லை, மத்திய நீர் ஆணையம். ரெண்டு தரப்பும் மத்தவன் கோலை நம்பாதப்போ மூணாவது ஆள் கையில் கோலைக் கொடுக்கறதுதான் வழி. ரெண்டு பக்கமும் எவ்வளவோ கத்தியிருக்காங்க, ஆனா பிலிகுண்டுலுவில் நேத்து எத்தனை கன அடி ஓடிச்சுங்கற எண் ரெண்டு பக்கப் பேப்பர்லயும் ஒண்ணாத்தான் வருது. இது சாதாரண விஷயம் இல்லீங்க.

சென்னைக்கு வருவோம். குடிநீர் வாரியம் ஏரி நிலவரத்தை இணையத்தில் தினமும் போடுது, 2004-லிருந்து எண்கள் கிடைக்கும். அந்தந்த ஏரியோட கொள்ளளவு, இன்னிக்கு இருப்பு, போன வருஷம் இதே நாள் இருப்பு. நாலு பெரிய ஏரியும் சேர்ந்தா 11,257 மில்லியன் கன அடி, அதாவது 11 டி.எம்.சி. சொச்சம். மேட்டூரில் எட்டுல ஒரு பங்கு, இதை நம்பித்தான் இவ்ளோ பெரிய ஊர். 2019 ஜூன்ல இந்த நாலும் சேர்ந்து ஒரு சதவிகிதம்கூட இல்லை. நான் அப்போதான் வேலைக்குச் சேர்ந்து ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மேன்ஷன் ரூம்ல இருந்தேன். ஆபீஸ்ல கைகழுவுற குழாயைப் பாதி மூடிட்டு, முடிஞ்சவங்க வீட்லேர்ந்தே வேலை பாருங்கன்னாங்க. ராத்திரி லாரி வர்ற சத்தம் கேட்டா நாலு மாடியும் குடத்தோட இறங்கும். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்தது.

அந்த மாசத்துல நம்ம ஆளுங்க பலபேர் அந்த ஏரி டேட்டாவை இறக்கி கிராஃப் போட்டாங்க, நானும்தான். போட்டுப் பார்த்தா முந்தின வருஷம் அக்டோபர், நவம்பரிலேயே கோடு ஏறவே இல்லைங்கறது பட்டவர்த்தனமாத் தெரியுது. டிசம்பர்ல ஒருத்தர் இதைப் பார்த்திருந்தா, ஜூன்ல என்ன ஆகும்னு சொல்லியிருக்க முடியும். எண் வெளியிலதான் இருந்தது, யாரும் பார்க்கலை. அல் முயிஸ் உத்தரவே தேவைப்படலை நமக்கு!

2015 டிசம்பர் கதை இதுக்கு நேர் எதிர். டிசம்பர் 1-ந் தேதி தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரியோட முழு உயரம் 24 அடி. அன்னிக்குத் திறப்பு 29,000 கன அடி வரைக்கும் போச்சு. அடையாறு கரையில் தூங்கிக்கிட்டு இருந்தவங்களுக்கு அது தண்ணியா வீட்டுக்குள்ள வந்துதான் தெரிஞ்சது. பின்னாடி 2018-ல் சட்டசபையில் வெச்ச தணிக்கைத் துறை அறிக்கை, நிர்வாகம் சரியாச் செஞ்சிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதுங்கற தொனியில் கடுமையாகவே எழுதினது. நான் சொல்ல வர்றது வேற. தினசரி நிலவரம்ங்கறது காலையில் ஒரு தடவை எடுக்கிற அளவு. வறட்சி மெதுவா வர்ற பிராணி, அதுக்கு ஒரு நாளைக்கு ஒரு எண் தாராளம். வெள்ளம் மணிக்கணக்குல வரும். காலை ஆறு மணி நம்பரை வெச்சு ராத்திரி பத்து மணி ஆபத்தைச் சொல்ல முடியாது. அளக்கிறது முக்கியம், வெளியிடறது முக்கியம், எத்தனை மணிக்கு ஒரு தடவைங்கறதும் அதே அளவு முக்கியம்.

இதுல நாம கத்துக்கலைன்னு சொல்ல மாட்டேன். 2020 நவம்பர் 25, நிவர் புயல் அன்னிக்கு செம்பரம்பாக்கம் 22 அடியை நெருங்கினதும், மதியம் 12 மணிக்கு 1,000 கன அடி திறக்கப் போறோம்னு முன்கூட்டியே அறிவிச்சுட்டுத்தான் திறந்தாங்க. டிவி, வாட்சப் எல்லாத்துலயும் அதே பேச்சு. 2015-ல் கழுத்தளவு தண்ணியில் நின்ன சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை ஜனம் சாமான் செட்டை மாடிக்கு ஏத்தினாங்க. அஞ்சு வருஷத்துல "கன அடி"ங்கற வார்த்தை சென்னையில் ஆட்டோ ஸ்டாண்ட் வார்த்தையா ஆகியிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் 2018-ல் பண்ணினது அல் முயிஸுக்கு நேர் பதில். அணை மட்டத்தை மட்டுமில்ல, எந்த வீடு தண்ணியை மிச்சம் பிடிச்சதுன்னு பச்சைப் புள்ளி வெச்சு வரைபடமே போட்டாங்க. குழாய் நிக்கப்போற நாளுக்கு "டே ஜீரோ"ன்னு பேர் வெச்சு தேதியையும் சொன்னாங்க. பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான். ஜனங்க பயந்தாங்க, பாட்டில் தண்ணிக்குக் கியூவும் நின்னது, ஆனா பயன்பாடும் குறைஞ்சது. தேதி தள்ளித் தள்ளிப் போய் கடைசியில் வரவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிற மாதிரி புள்ளி வைக்கறது எனக்கு ஒப்பலை, அது வேற விஷயம். ஆனா தானியம் மாதிரி நதியையோ அணையையோ வீட்ல பதுக்க முடியாதுங்கறதால, தண்ணி விஷயத்துல பயம் எல்லா நேரமும் கெட்டது இல்லைன்னு தோணுது.

கோலைப் பத்தி இன்னொரு சங்கதி. நைல் வருஷாவருஷம் வண்டல் கொண்டுவந்து கொட்டினதுல, படுகையும் வயலும் சேர்ந்தே உயர்ந்துடுச்சு. ஆனா பளிங்குத் தூண் உயரலை. பழங்காலத்துல 16 முழம்னா வயல் நிறையும். சில நூற்றாண்டு கழிச்சு அதே 16-ல் பாதி வயல் காய்ஞ்சு கிடக்கும், 18 வந்தாத்தான் நிறைவு. ஆனாலும் 16-ஐத் தொட்டா திருவிழாதான். நம்ம மேட்டூர் 1934-ல் திறந்தது. தொண்ணூறு வருஷ வண்டல் அடியில் கிடக்கு. பேப்பர்ல இன்னும் 120 அடி, 93.47 டி.எம்.சி.தான். வண்டல் போக நிஜமா எவ்வளவு கொள்ளும் என்பது அந்தப் பொட்டிச் செய்தியில் வர்றதில்லை.

கடைசியா ஒண்ணு. காவிரி, வைகை, தாமிரபரணி மாதிரி தென்னாட்டு ஆறுகளோட நீரளவுக் கணக்கை மத்திய அரசு தளங்கள்ல, குறிப்பா 2010-க்கு அப்புறம் வந்த நீர்வளத் தகவல் தளத்துல, யார் வேணும்னாலும் இறக்கலாம். ஆனா கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளோட நீரோட்டக் கணக்கு அப்படி இல்லை. எல்லை தாண்டிப் போற ஆறுகள்ங்கறதால அது ரகசிய வகை, அனுமதி கேட்டு, உறுதிமொழி எழுதிக் கொடுத்து வாங்கணும். 2013-ல் வந்த தகவல் பகிர்வுக் கொள்கையும் 2018-ல் அதைத் திருத்தினதும் இந்தப் பிரிவினையை வெச்சுக்கிட்டேதான் வந்தது. பாட்னாவுலயோ குவஹாத்தியிலயோ என்னை மாதிரி ஒருத்தன் உக்காந்து தன் ஊர் ஆத்துக்கு நாப்பது வருஷ கிராஃப் போடணும்னா, முதல்ல ஒரு மனு எழுதணும்.

உத்திரமேரூர் கல்வெட்டில் வர்ற ஏரி வாரியம் பத்தியும் எழுத நினைச்சேன், ஏற்கெனவே ஸ்க்ரோல் பண்ணிப் பண்ணி உங்க விரல் வலிச்சிருக்கும். அது தனிப் பதிவு. அந்தந்த ஊர்ல குறுக்குத்துறை கோயில் மாதிரி, மேட்டூர் நந்தி மாதிரி ஜனங்களே வெச்சுக்கிட்ட அளவுகோல் இருந்தா எழுதுங்க மக்களே. வைகை, பாலாறு, தென்பெண்ணைக் கரைக்காரங்க யாராவது இருக்கீங்களா?